அடுப்பு போடும் முன் கூரையைப் பாருங்கள்

விறகடுப்பு போட்டுத் தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வீட்டுக்குள் போனதும் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பேன். "அடுப்பு இந்த மூலையில வரட்டும்க்கா" என்று அவர்கள் தரையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அடுப்பை எந்த மூலையிலும் கட்டிவிடலாம். புகைபோக்கி எந்த வழியாக வெளியே போகிறது, போகிற வழியில் எதை உரசுகிறது என்பதுதான் முக்கியம்.

எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். மத்திய அரசு 1983-ல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலத்தில், 1987-ல், 10 நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். திட்டம் 2002-ல் நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை. ஆரம்பத்தில் ஓட்டு வீடு ஒன்றில் போட்ட அடுப்பைத் துப்புரவு செய்ய இரண்டு வருடம் கழித்துப் போனேன். குழாயை ஒட்டி ஓடிய, கூரையைத் தாங்கும் பனங்கை நான்கு விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. தீப்பொறி எதுவும் விழவில்லை. தினமும் பட்ட சூட்டிலேயே மரம் உள்ளுக்குள் கரியாகியிருந்தது. அப்படிக் கருகிய மரம் சாதாரண மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதற்குக் கீழேதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் படுத்துத் தூங்குவார்கள். அன்றிலிருந்துதான் கூரையைப் பார்க்கும் பழக்கம்.

தொடங்கும் முன் ஒன்று. கேஸ் வாங்க முடிகிறவர்கள் தினச் சமையலைக் கேஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி புகையை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். புகை இல்லாமல் போய்விடுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சுவாசிக்கிறார். குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தீவனம், விசேஷச் சமையல், சிலிண்டர் தீர்ந்த நாட்கள் என்று விறகு வேண்டியிருக்கும் வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

இடம் பார்ப்போம். பரணுக்குக் கீழே அடுப்பு கூடாது. வாசலுக்கு நேராகவும் கூடாது, எதிர்காற்று அடித்தால் தீ வெளியே நாக்கை நீட்டும். தலைக்கு மேலே கரண்ட் ஒயர் போகக் கூடாது. விறகு அடுக்குகிற இடம் அடுப்பு வாயிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். கேஸ் சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே அறையில் இருப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து வரும், தரையில்தான் நம் அடுப்பு எரிகிறது. வேறு இடமே இல்லை என்றால் வெளியே தகரக் கூரை போட்டுத் தனியாக ஒரு சமையல் கொட்டகை கட்டிக்கொள்ளச் சொல்வேன்.

ஓலைக் கூரை, கீற்றுக் கூரை வீடுகளுக்கும் அதே பதில்தான். கூரையைத் துளைத்துக் குழாய் விட மாட்டேன். சுவர் வழியாக வெளியே எடுத்தாலும் தாழ்வாரத்து ஓலையை ஒட்டித்தான் குழாய் ஏறியாக வேண்டும். ஒரு பொறி போதும். கோபித்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஆனாலும் என் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்தது குழாய். அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டது மூன்றங்குல ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய். நானும் அறுத்திருக்கிறேன். அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். இப்போது அதைத் தொடுவதில்லை. பழைய குழாய் வீட்டில் இருந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நன்றாக நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள். இன்னொரு பக்கம், பிளம்பர் மிச்சம் வைத்த பிவிசி குழாயைச் சொருகியிருப்பதை இப்போதும் பார்க்கிறேன். பிவிசி கொதிக்கிற தண்ணீரின் சூட்டுக்கே இளகிவிடும், எரிந்தால் நச்சுப் புகை கிளம்பும். அதை உடனே எடுத்துவிடுங்கள்.

நான் போடுவது நான்கங்குல விட்டமுள்ள எவர்சில்வர் குழாய். வசதி குறைவான வீடுகளுக்குக் குயவரிடம் சொல்லிச் செய்த சுட்ட மண் குழாய். ஜிஐ இரும்புக் குழாய்தான் கிடைக்கிறது என்றால் கீழ்ப்பகுதி மூன்றடிக்கு அதைப் போடாதீர்கள். அடுப்பை ஒட்டிய சூட்டில் மேலே பூசிய துத்தநாகம் கெட்டுவிடும். துண்டுகளை இணைக்கும்போது மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்கு உள்ளே இறங்க வேண்டும். புகை கசியும் என்று பயந்து பலர் மாற்றிச் சொருகுகிறார்கள். குழாய் இழுக்கும்போது இணைப்பில் புகை வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். மாற்றிச் சொருகினால் புகையிலிருந்து படிந்து உள்ளே வழிகிற கரித்தார் வெளியே ஒழுகி, சுவரெல்லாம் கறுப்பாகும். வளைவே இல்லாமல் நேராக ஏற்றுவது நல்லது. முடியாவிட்டால் சரிவான வளைவு இரண்டு போதும். செங்கோணமாகத் திருப்பிய இடத்தில்தான் கரி முதலில் அடைக்கும்.

சரி, இப்போது கூரை. ஓட்டு வீட்டில் குழாய்க்கும் பனங்கை, கைமரம், ரீப்பர் எதற்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருக்க வேண்டும். அவ்வளவு இடம் கிடைக்காத வீடுகளே அதிகம். அங்கே ஆசாரியை அழைத்துக் குறுக்கே வரும் மரத்தை வெட்டி, பக்கத்து மரங்களோடு சட்டம் போட்டு இணைக்கச் சொல்வேன். கூரையைக் கடக்கும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாக மாட்டி, இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு திணிப்பேன். அதற்கும் வழியில்லாத வீட்டில் வேலையை எடுப்பதில்லை. கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டு, குழாய்க்கு வட்டம் வெட்டிய தகரத்தை அங்கே செருக வேண்டும். தகரத்தின் மேல்விளிம்பு மேல் ஓட்டுக்கு அடியிலும், கீழ்விளிம்பு கீழ் ஓட்டுக்கு மேலும் வந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. தார்சு வீட்டில், அதாவது கான்கிரீட் தளத்தில், துளை போட மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துத் துளைக்க வேண்டும், கம்பியை அறுக்கக் கூடாது. துளை குழாயைவிட இரண்டங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். சிமென்ட் வைத்து இறுக்கிப் பூசிவிட்டால், சூட்டில் குழாய் நீள இடமில்லாமல் பூச்சு வெடிக்கும்.

கூரைக்கு மேலே குழாய் மூன்றடியாவது உயர வேண்டும். சுற்றிலும் பத்தடிக்குள் இருக்கிற முகடு, மாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும்விட இரண்டடி கூடுதலாகவும் இருக்க வேண்டும். முகட்டுக்குக் கீழே முடிகிற குழாயில் ஆடிக் காற்று புகையைத் திருப்பி அனுப்பிவிடும். உச்சியில் தொப்பி போடுங்கள். குழாய் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவே மூன்றங்குலம் திறந்திருக்கட்டும். மேலே தென்னை மரம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த மட்டை தொப்பியில் சாய்ந்து பற்றிக்கொள்ளும்.

அடுப்பைக் கட்டுவது இதில் சுலபமான பகுதி. கண்மாய் வண்டலான கரம்பையும் செம்மண்ணும் சரிபாதி, அதில் உமியும் சாணியும் சேர்த்து மிதித்து இரண்டு நாள் புளிக்க விடுவேன். வெறும் கரம்பை வெடிக்கும். உள்ளுக்குச் செங்கல் வைத்து, மேலே இந்த மண்ணைப் பூசி எழுப்ப வேண்டும். மொத்த உயரம் 10 அங்குலம். அடுப்பு வாய் 7 அங்குல அகலம், 5 அங்குல உயரம். சட்டி வைக்கும் முன்கண்ணிலிருந்து பின்கண்ணான கொடியடுப்புக்குப் போகிற வழி 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம். இது கிட்டத்தட்ட குழாயின் வாயளவு. கொடியடுப்புக்கு அடியில் மண்ணால் ஒரு மேடு எழுப்பி, அதற்கும் சட்டியின் அடிக்கும் நடுவே ஓர் அங்குலம் விடுங்கள். மேடு இல்லையென்றால் சூடு சட்டியைத் தொடாமல் நேராகக் குழாய்க்கு ஓடிவிடும். குழாய் உட்காரும் இடத்தின் அடியில் ஒரு செங்கல்லைப் பூசாமல் சும்மா செருகி வையுங்கள். கரி அள்ள அதுதான் கதவு.

கண்களை அந்த வீட்டுச் சட்டியை வைத்தே அளவெடுக்க வேண்டும். சட்டி கண்ணில் இறுக்கமாக உட்கார வேண்டும். இங்கேதான் எப்போதும் வாக்குவாதம் வரும். நம் பழைய அடுப்பில் மூன்று குமிழ் இருக்கும், அதன் மேல் பாத்திரம் உட்காரும், இடைவெளி வழியாகத் தீயும் புகையும் வெளியேறும். குழாய் வைத்த அடுப்பில் குமிழ் கூடாது, இருந்தால் புகை குழாய்க்குப் போகாமல் சமையலறைக்கே வரும். "குமிழ் இல்லாத அடுப்பு பார்க்கவே நல்லாயில்லை" என்பார்கள் பெரியவர்கள். கொஞ்சம் பொறுமையாக, ஒரு முறை எரித்துக் காட்டிப் புரியவைக்க வேண்டியிருக்கும். பெரிய கட்டை வைக்க வேண்டும் என்று அடுப்பு வாயைப் பிற்பாடு தட்டி அகலப்படுத்துவதும் இதே போலத்தான். நான் கட்டி வீணாய்ப்போன அடுப்புகளில் முக்கால்வாசி அப்படி வீணானவை. கட்டையைப் பிளந்துகொள்ளுங்கள், அடுப்பை உடைக்காதீர்கள்.

15 நாள் நிழலில் காயட்டும். தினமும் கை நனைத்து வெடிப்பைத் தேய்த்து மூடுங்கள். முதல் தீ சுள்ளியில் அரை மணி நேரம் போதும், மறுநாள் கொஞ்சம் கூட்டலாம்.

எரிக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு கண்ணிலும் தண்ணீர்ச் சட்டி வைத்து, குழாய் சூடேற உள்ளே ஒரு காகிதத்தைக் கொளுத்துங்கள். பிறகு ஊதுபத்தியை அடுப்பு வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. வெளியே திரும்பினால் எங்கோ அடைப்பு அல்லது குழாய் உயரம் போதவில்லை. அப்புறம் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதைப் போட்டுவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். ஃபேன் குழாயின் இழுப்பைத் தோற்கடித்துப் புகையை உள்ளே இழுத்துவிடும். அடுப்பு எரியும்போது ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு கண்ணில்தான் சமையல் என்றாலும் கொடியடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். திறந்த கண் அடுப்புக்கு இரண்டாவது வாய்.

விறகு காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகின் புகையில்தான் கரித்தார் அதிகம் படியும். அது குழாய்க்குள்ளேயே ஒரு நாள் பற்றினால் குழாய் சிவக்கச் சிவக்க எரியும். வேலிக்கருவை, கொட்டாங்குச்சி, காய்ந்த மட்டை எல்லாம் நல்லவை. அரளியை எரிக்காதீர்கள், அதன் புகையே விஷம். பெயின்ட் அடித்த பலகை வேண்டாம். பால் கவரைக் கொளுத்தித் தீ மூட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றி மூட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். போன வருடம் எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணின் இரண்டு கையும் வெந்துபோயின. அதனால் சொல்கிறேன், அணைந்தது போலிருக்கும் கங்கின் மேல் எதையும் ஊற்றாதீர்கள். புண் பட்டால் 20 நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள், பேஸ்ட்டும் மாவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். தீ அடங்கிப் புகையே இல்லாமல் சிவந்து கிடக்கும் கங்குதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடுகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைத்த அறையில் கங்குச் சட்டி வைத்துத் தூங்கி இறந்துபோனவர்கள் நம் மலை ஊர்களில் உண்டு. பிள்ளை பெற்றவள் அறைக்குச் சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. சாம்பிராணி வேண்டுமானால் கதவு, ஜன்னல் திறந்த அறையில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுச் சட்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். குழாய் போட்ட அடுப்பிலும் இரவு கங்கை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது, குழாய் குளிர்ந்ததும் இழுப்பும் நின்றுபோகும். கங்கை வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது. படுக்கிற அறைக்கு வெளியே ஒன்று மாட்டினால் நிம்மதி.

தினமும் எரிக்கிற வீட்டில் 15 நாளுக்கு ஒரு முறை குழாயைத் துப்புரவு செய்ய வேண்டும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு தொப்பியைக் கழற்றி, கயிற்றில் கல்லைக் கட்டி அதன் மேல் சாக்கைச் சுற்றி மேலிருந்து இறக்கி ஏற்றுங்கள். மண் குழாயாக இருந்தால் கல்லுக்குப் பதில் மணல் பொட்டலம். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கீழே அந்தச் செங்கல்லை எடுத்துக் கரியை வாரி வெளியே கொட்டுங்கள். கூரையைக் கடக்கும் இடத்தில் ஒரு டார்ச் அடித்து மரத்தைப் பாருங்கள், கை வைத்தும் பாருங்கள். அடுப்பு எரியும்போது அந்த மரத்தில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் அன்றே அடுப்பை நிறுத்திவிட்டு அடுப்பு போட்டவரைக் கூப்பிடுங்கள்.

நான் வேலை முடித்துக் கிளம்பும்போது, துப்புரவு செய்ய வேண்டிய முதல் தேதியை அடுப்புக்கு மேலே சுவரில் கரிக்கட்டையால் எழுதிவிட்டு வருவேன். செய்து முடித்ததும் அதை அழித்துவிட்டு அடுத்த தேதியை அவர்கள் எழுத வேண்டும்.