மாம்பழ சீசனும் என் தாடை வலியும்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பெங்களூரா மாம்பழ லாரிகள் வரிசைகட்டும் மாதங்களில், காலையில் எழும்போதே தாடை இறுகி, நெற்றிப்பொட்டு தெறிக்கும். இட்லியை மெல்வதே பெரும்பாடு.

சொத்தை எதுவும் இல்லை என்றார் பல் மருத்துவர். கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து வழவழவென்று இருந்ததைக் கண்ணாடியில் காட்டினார். மன இறுக்கம் மிகுந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது பலருக்கும் உண்டாம். அச்செடுத்து, இரவில் மாட்டிக்கொள்ள உறை செய்து கொடுத்தார். அது பல்லைத்தான் காக்கும், காரணத்தைத் தீர்க்காது.

ஆகவே, நள்ளிரவில் எடைச்சீட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மேலாளரிடம் பேசினேன். முனகிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். பகலில் உதடு மூடியிருந்தாலும் பல்லோடு பல் படாமல் வைத்திருக்கப் பழகினேன். நினைவூட்டக் கணினித் திரையோரம் ஒரு சீட்டு. வெந்நீர் ஒத்தடமும் கைகொடுத்தது. வலி பெரும்பாலும் போய்விட்டது. கொய்யாவை மட்டும் இன்னும் நறுக்கித்தான் தின்கிறேன்.