விடியுமுன் நேற்றைய தேதி: டூ-டூ லிஸ்ட் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவிலில் மாலை வேளைகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு வெப் புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறேன். சொந்தமாக ஏதாவது செய்து கொண்டு வாருங்கள் என்றால் பெரும்பாலும் டூ-டூ லிஸ்ட்தான் வரும், அதாவது செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைத்து, முடிந்ததும் டிக் அடிக்கும் ஒரு சின்ன ஆப். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அங்கேதான் தொடங்கினேன். போன வாரம் ஒரு பையன் எழுதிய கோடிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் நான் எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வரி, எழுத்து மாறாமல் அங்கே இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தலைப்பே இல்லாத வேலை சேர்ந்துவிடுவது, பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் இரண்டு வரி விழுவது போன்றவற்றை நீங்களே முதல் நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள். மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடப்பவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

தேதியை நேரமாகச் சேமிப்பது

குலசேகரம் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மேலவிளை, கீழவிளை என்று இரண்டு துண்டு. ஒருநாள் மேலவிளையில் பாலுக்காக மரப்பட்டையை வெட்டினால் மறுநாள் கீழவிளை. மரத்துக்கு ஒருநாள் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக இந்த முறை. எந்த விளையில் என்றைக்கு வெட்டு, ரப்பர் ஷீட் எப்போது கொடுத்தது, பாலை உறைய வைக்கும் ஆசிட் எப்போது வாங்க வேண்டும் என்று எல்லாம் போட்டு அவருக்கு ஒரு பட்டியல் செய்து கொடுத்தேன். ஃபோனில் திறந்தால் இன்றைய வேலைகள் வரும், முடிந்ததும் டிக் அடிக்கலாம். எனக்குப் பெருமைதான்.

ஒரு வாரத்தில் அழைப்பு வந்தது. "மக்கா, மணி நாலரை ஆச்சு. உனக்க மெஷின் இன்னும் எழும்பல்லியா? நேத்தைக்க தேதியில்லா காட்டுது."

நான் எழும்பி, பல் தேய்த்து, பத்து மணிக்குத் திறந்து பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. "உங்க ஃபோன்ல தேதி தப்பா இருக்கும் சித்தப்பா" என்றேன். ஃபோனில் சரியாகத்தான் இருந்தது. இன்னும் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் பத்து மணிக்குத்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். இன்றைய தேதியை எடுக்க, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நியூ டேட் (new Date) போட்டு, அதன்மேல் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) போட்டு, முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்திருந்தேன். பார்க்க அழகாக 2019-06-10 என்று வரும். ஆனால் அந்தச் செயற்பாடு எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் தரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆக, நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை அந்த வரிக்கு இன்னும் நேற்றுதான். ரப்பர் மரத்தில் விடியுமுன் பாலின் அழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும், அதனால் வெட்டு இருட்டோடு நடக்கும். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் என்று இந்த மாவட்டத்தில் நிறையப் பேருக்கு நாள் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் போல.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. பத்தாம் தேதி நாலரைக்கு டிக் அடித்தால் ஒன்பது என்று பதிவாகும். ஒருநாள் விட்டு அடுத்தது பதினொன்று என்று கணக்காகும். உண்மையில் பன்னிரண்டு வர வேண்டும். ஆனால் பன்னிரண்டாம் தேதி விடியற்காலையில் அந்தக் கருவிக்குப் பதினொன்றுதானே? சரியாகவே காட்டும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். விடியுமுன் மட்டும் பார்க்கிறவருக்கு வேலைகளின் வரிசை ஒழுங்காகவே இருக்கும்.

சித்தப்பா கண் ஆபரேஷனுக்குப் போன மாதத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. கூலிக்கு ஒரு வெட்டுக்காரரை வைத்திருந்தார்கள். விடியுமுன் அவர் சொல்லச் சொல்லச் சித்தி டிக் அடிப்பார். மழை பெய்த நாளில் மட்டும் மரம் உலர்ந்தபின் தாமதமாக வெட்டு, ஆறு மணிக்கு மேல்தான் பட்டியலைத் திறப்பார். அப்போது தேதி திடீரென்று சரியாகிவிடுமே! நேற்று வெட்டிய மேலவிளையும் இன்றைக்கு வர வேண்டிய கீழவிளையும் ஒன்றாக வந்து நிற்கும். மேலே இருந்ததைச் சித்தி வாசித்துச் சொல்ல, ஒரே மாதத்தில் இரண்டு தடவை மேலவிளையில் அடுத்தடுத்த நாள் கத்தி விழுந்தது. அடுத்தடுத்து வெட்டினால் மரம் சோர்ந்துபோகும், தொடர்ந்து அப்படிச் செய்தால் பால் வற்றும். சித்தப்பா திட்டவில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பேனாவால் குறிக்கத் தொடங்கிவிட்டார். திட்டியிருக்கலாம்.

அப்புறம் நான் செய்தது அதைவிட மோசம். கணக்கில் 330 நிமிடத்தைக் கையால் கூட்டினேன். என் லேப்டாப்பில் சரியாகிவிட்டது. துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் அங்கிருந்தே தோட்டக் கணக்கைப் பார்ப்பான். அவன் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் நள்ளிரவு அவனுக்கு முந்தின நாள் இரவு பத்தரை. நள்ளிரவை வைத்துச் சேமித்த கெடுத்தேதிகள் எல்லாம் அவனுக்கு ஒருநாள் முந்தித் தெரிந்தன. "யாருக்கு சரியாத் தெரியுது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

"பத்தாம் தேதி வெட்டு" என்பது கடிகாரத்தின் ஒரு புள்ளி அல்ல. அது ஒரு நாளின் பெயர். அதற்கு மணி கிடையாது, நேர மண்டலம் கிடையாது. ஆகவே அதைப் பத்து எழுத்து உரையாகவே சேமியுங்கள்: வருடம், மாதம், நாள். வரிசைப்படுத்தினால் அதுவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். "ஐந்து மணிக்கு டாக்டர்" என்பது நேரம். அதற்குத் தனிப் புலம் வையுங்கள். நாட்காட்டித் தகவலை எப்படி எழுத வேண்டும் என்று 1998-இல் வந்த ஐகேலண்டர் ஆவணத்திலேயே தேதி ஒரு வகை, தேதியும் நேரமும் சேர்ந்தது வேறு வகை என்று பிரித்து வைத்துவிட்டார்கள். நாம்தான் படிப்பதில்லை.

இன்றைய தேதி வேண்டுமென்றால் ஃபோனின் உள்ளூர் வருடம், மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்துச் சேருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள். வெறும் தேதி உரையை நியூ டேட்டுக்குக் கொடுத்தால் அதை யூடிசி என்று வாசிக்கும். மண்டலம் சொல்லாமல் மணியையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். இந்த டேட் பகுதி 1995-இல் ஜாவா என்ற வேறொரு மொழியைப் பார்த்து எழுதப்பட்டது. ஜாவாவே கொஞ்ச காலத்தில் அதன் பெரும்பாலான செயற்பாடுகளைக் கைவிட்டது, நமக்கு மட்டும் அது விடாது.

சர்வர் பக்கம் போனாலும் தப்ப முடியாது. எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸில் 'நவ்' என்று கேட்டால் யூடிசிதான். 'லோக்கல்டைம்' சேர்த்தால் சர்வரின் உள்ளூர் நேரம் வரும், வாடகை சர்வரின் உள்ளூர் பெரும்பாலும் யூடிசியேதான். தேதியை ஃபோனே அனுப்பட்டும். இல்லையென்றால் பயனரின் மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வரும் வேலையெல்லாம் ஒரே வகை என்று நினைப்பது

கரண்ட் பில்லுக்கு நாள் குறித்திருக்கும், நீங்கள் தாமதித்தாலும் அடுத்த பில் நகராது. தென்னைக்கு உரம் அப்படியல்ல, போட்ட நாளிலிருந்துதான் அடுத்தது. இரண்டுக்கும் ஒரே கணக்கு வைத்தால் ஒன்று கெடும். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும். நாலு நாள் வெட்டு நின்றால் என் முதல் பட்டியலில் நாலு சிவப்பு வரி நின்றது. மழையில் நின்றுபோன வெட்டைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்ன? ஒரு வேலைக்கு நிலுவையில் ஒரு பிரதி மட்டும் இருக்கட்டும், அதை முடித்தபின் அடுத்தது பிறக்கட்டும்.

எல்லாவற்றையும் பிரவுசரிலேயே வைத்திருப்பது

பிரவுசருக்குள்ளேயே தரவு வைக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜ் ஏறத்தாழ 5 எம்பி. பட்டியலுக்கு அது தாராளம், ஆனால் அது பெட்டகம் அல்ல. பிரவுசர் தரவைத் துடைத்தால் போச்சு. சஃபாரியில் ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் அதுவே துடைத்துவிடும். முதல் நாளே ஒரு எக்ஸ்போர்ட் பட்டன் வையுங்கள்.

தமிழில் தேடிப் பார்க்காமல் விடுவது

'கொல்லங்கோடு' என்று தேடினால் வராது, கண்ணெதிரே பட்டியலில் இருக்கும். 'கொ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஐந்து நிலை முன்னுரிமை

எல்லாம் ஒன்றாம் நிலைக்கே போகும்.

லாகினைச் சொந்தமாக எழுதுவது

வேண்டாம்.

பத்து மணிக்கு மட்டும் சோதிப்பது

லேப்டாப் கடிகாரத்தை விடியற்காலை நாலரைக்கு மாற்றுங்கள். அப்புறம் மண்டலத்தை துபாய்க்கு மாற்றுங்கள். இரண்டிலும் பட்டியலைத் திறந்து, ஒன்றைச் சேர்த்து, ஒன்றுக்கு டிக் அடித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அந்தப் பையனிடமும் இதைச் சொன்னேன். "நாலரைக்கு யாரு சார் எழும்புவா?" என்றான். சித்தப்பாவின் ஃபோன் எண்ணைக் கொடுத்தேன்.