இருபது டாலர் தங்கக் காசு: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1933 என்று பொறித்த அமெரிக்க ‘டபுள் ஈகிள்’ காசை, அதாவது இருபது டாலர் தங்கக் காசை, யாராவது உங்களிடம் விற்க வந்தால், அது போலியாக இருக்கும், அல்லது திருட்டுச் சொத்தாக இருக்கும். தனியார் கையில் சட்டப்படி இருக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அது 2021இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் சுமார் 1.89 கோடி டாலருக்குப் போய்விட்டது.

குறைவாக அடித்ததால்தான் இது அரிது என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் பெரிய தவறு. 1933இல் பிலடெல்பியா நாணயச்சாலை அடித்தது 4,45,500 காசுகள். அந்த ஏப்ரலில், மக்கள் தங்கத்தை வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். புதுக் காசுகள் முறைப்படி புழக்கத்துக்கே வரவில்லை. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போக, மற்றவை உலைக்குப் போயின. சில மட்டும் கள்ளத்தனமாக வெளியேறின. அதில் ஒன்றை எகிப்து மன்னர் ஃபரூக் 1944இல் வாங்கியபோது, விவரம் தெரியாமல் அமெரிக்கக் கருவூலமே ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட்டது. ஏலத்துக்கு வந்த காசைக் காப்பாற்றியது அந்தக் காகிதம்தான்.

காகிதம் இல்லாதவர்கள் கதை வேறு. ஒரு குடும்பம் வங்கிப் பெட்டகத்தில் கிடைத்த 10 காசுகளை, அசல்தானா என்று பார்த்துச் சொல்லும்படி நாணயச்சாலைக்கே கொடுத்தது. அசல்தான் என்று பதில் வந்தது, காசு வரவில்லை! 2017 வரை வழக்காடியும் பலனில்லை. ஆகவே காசின் பூர்வீகத்தை விசாரிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஆண்டை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. 1924 பிலடெல்பியா காசு 43 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது; இன்றும் தாராளமாகக் கிடைக்கும். 1927 காசும் அப்படித்தான். ஆனால் அதே 1927இல் ஆண்டுக்கு மேலே சின்னதாக ‘டி’ எழுத்து இருந்தால் அது டென்வரில் அடித்தது. அடித்தது 1,80,000, இன்று இருப்பதாகத் தெரிந்தவை இருபதுகூடத் தேறாது. அந்த ஒரு எழுத்துக்காகவே, சாதாரணக் காசில் எழுத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் பார்க்காத காசை நம்பி இறங்காதீர்கள்.

தங்க விலையோடு குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. காசின் எடை 33.436 கிராம், அதாவது நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேல். அதில் 90 சதவீதம் தங்கம், மீதி செம்பு. சாதாரண ஆண்டுக் காசுக்கு விலையில் பெரும்பங்கு இந்தத் தங்கம்தான். அதை ‘அபூர்வம்’ என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

கடைசியாக, நகையைப் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துக் கழுவுகிற நம் வீட்டுப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். தேய்த்த கீறல் பூதக்கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். பளபளப்பு கூடும், விலை இறங்கும்.