ரோஸ்பட் பகுதியில் மான் வேட்டை: எந்த நிலத்துக்கு எந்த டேக்?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் முதன்முறையாக மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டேக்கை (மானைச் சுட அனுமதி தரும், சுட்ட மானின் உடலில் கட்ட வேண்டிய சீட்டை) வாங்கிவிட்டுத்தான் இடம் தேடத் தொடங்குகிறார்கள். மற்ற கவுண்டிகளில் (மாநிலத்தின் உட்பிரிவுகளில்) இது சரிப்பட்டு வரலாம். ஆனால் ரோஸ்பட் சூ பழங்குடியின் நிலமும், மாநிலத்தின் பள்ளி நிலமும், பண்ணையாளர்களின் பட்டா நிலமும் கட்டம் கட்டமாகக் கலந்து கிடக்கும் டாட், மெல்லெட், டிரிப், கிரெகரி கவுண்டிகளில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் நிலத்தை முடிவு செய்யுங்கள்; எந்த டேக் வேண்டும் என்பதை நிலமே சொல்லிவிடும்.

நிலம் ஏன் இப்படிச் சிதறியது என்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்வது நல்லது. 1887-ஆம் ஆண்டின் நிலப்பகிர்வுச் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனிநபர் பங்குகளாக அறுத்தது. 1889-இல் பெரிய சூ ஒதுக்கீட்டு நிலம், அதாவது சூ பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ரிசர்வேஷன், பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. பிறகு 1904, 1907, 1910 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், ரோஸ்பட்டில் மிஞ்சியிருந்த நிலத்தின் பெரும்பகுதியை வெளியாரின் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டன. அச்சட்டங்கள் ஒதுக்கீட்டு எல்லையையே சுருக்கிவிட்டன என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்ததால், இன்று டாட் கவுண்டி மட்டுமே ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலமாகக் கருதப்படுகிறது. ஆயினும் எல்லைக்கு வெளியே போய்விட்ட மெல்லெட், டிரிப் போன்ற கவுண்டிகளிலும், கூட்டாட்சி அரசு பழங்குடிக்காகவோ அதன் உறுப்பினர்களுக்காகவோ பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்ட் நிலங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. ஆகவே வரைபடத்தில் ஒதுக்கீட்டு எல்லைக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே எல்லாம் மாநிலச் சட்டம்தான் என்று முடிவு கட்டுவது தவறு.

படி 1: நிலத்தின் நிலையை அறிதல்

இப்பகுதி ஆறு மைல் சதுர டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொரு டவுன்ஷிப்பும் 640 ஏக்கர் கொண்ட 36 செக்ஷன்களாகவும் அளக்கப்பட்டுள்ளது. தெற்கு டகோட்டா 1889-இல் மாநிலமானபோது, 16, 36 எண்ணுள்ள செக்ஷன்கள் பொதுவாகப் பள்ளிகளுக்கென மாநிலத்துக்கு வழங்கப்பட்டன. இன்றும் மாநிலத்தின் கையில் இருக்கும் பள்ளி நிலங்களில், அவை மேய்ச்சலுக்குக் குத்தகை விடப்பட்டிருந்தாலும், பொதுவாக நடந்து சென்று வேட்டையாடலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் பல விற்கப்பட்டுவிட்டன, மூடப்பட்டவையும் இருக்கக்கூடும்.

நில உரிமையைக் காட்டும் கைபேசிச் செயலியையோ மாநில வேட்டை வரைபடத்தையோ முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புல்வெளியில் சிக்னல் கிடைப்பது அரிது. அதில் நீங்கள் நடக்கவிருக்கும் ஒவ்வொரு கால்செக்ஷனுக்கும் (செக்ஷனில் நான்கில் ஒரு பகுதிக்கும்) நான்கில் ஒரு பதிலை எழுதிக்கொள்ளுங்கள்: டிரஸ்ட் நிலம், தனியார் பட்டா, பள்ளி நிலம், அல்லது மாநிலம் தனியாரிடமிருந்து வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்த நிலம். பதில் தெளிவாக இல்லாத இடத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள், அல்லது பழங்குடியின் வனவிலங்கு அலுவலகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். பழங்குடி அரசு பட்டாவாகவே விலைக்கு வாங்கிய நிலங்களும் இருப்பதால், இந்த அழைப்பு வீண்போகாது.

வேலியை எல்லையாக எண்ணிவிடாதீர்கள். ஒரே பண்ணையாளர் பள்ளி செக்ஷனையும் பக்கத்து டிரஸ்ட் நிலத்தையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்திருந்தால், மாடுகள் தடையின்றி மேய்வதற்காக நடுவில் வேலியே போட்டிருக்க மாட்டார். ஒரே மேடு, ஒரே புல், ஒரே மாட்டுத்தடம். நூறடி நடந்திருப்பீர்கள், பையிலுள்ள டேக் செல்லாததாகியிருக்கும். டிரஸ்ட் நிலத்தில் புல்லுக்குக் குத்தகை எடுத்தவர் தலையாட்டினாலும் அது வேட்டைக்கான உரிமை ஆகாது.

இரண்டு பள்ளி செக்ஷன்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த மூலையைத் தாண்டிக் குதிப்பதையும் தவிர்ப்பதே என் பரிந்துரை. வயோமிங் வழக்கொன்றில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்டத்தின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மூலை தாண்டியவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் தெற்கு டகோட்டா எட்டாவது வட்டத்தில் இருப்பதால், அத்தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது.

படி 2: டேக் பெறுதல்

பட்டா நிலத்திலும் பள்ளி நிலத்திலும் வேட்டையாட மாநிலத்தின் வனவிலங்குத் துறை வழங்கும் டேக் வேண்டும். பட்டா நிலமானால் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும், அறிவிப்புப் பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. மிசூரி ஆற்றுக்கு மேற்கேயுள்ள துப்பாக்கிப் பருவ டேக்குகள் குலுக்கல் முறையில் தரப்படுகின்றன. வெளிமாநிலத்தவருக்கு ஒதுக்கப்படுவது சிறு பங்கே என்பதால், விண்ணப்பக் கடைசித் தேதியைக் கோடைக்கு முன்பே பார்த்து வைப்பது அவசியம்.

டிரஸ்ட் நிலத்தில் பழங்குடி உறுப்பினர் அல்லாதவருக்குப் பழங்குடி அரசின் லைசென்ஸ் வேண்டும். வெளியாருக்கு இவ்வாண்டு மான் டேக் விற்கிறார்களா, எத்தனை, எந்தப் பகுதிக்கு, வழிகாட்டி உடன் வர வேண்டுமா என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிப்பதால், சென்ற ஆண்டின் விதியை நம்பாமல் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இந்த இரட்டை முறைக்கு அடிப்படையான இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை நினைவில் வைத்தால் குழப்பம் பெரிதும் குறையும். பழங்குடி அல்லாதவரின் பட்டா நிலத்தில் பழங்குடி அல்லாதவர் வேட்டையாடுவதைப் பழங்குடி அரசு பொதுவாகக் கட்டுப்படுத்த முடியாது என்று, குரோ பழங்குடி தொடர்பான 1981-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது. பழங்குடி தானே நிர்வகிக்கும் பழங்குடி நிலத்தில் மாநிலம் தன் வேட்டை விதிகளைத் திணிக்க முடியாது என்று, நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ அப்பாச்சி வழக்கில் 1983-இல் சொன்னார்கள். இரண்டு டேக்குகளையும் ஒருவரே வைத்திருக்கலாம், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. இதே கணக்கை வடமேற்கிலுள்ள மொன்டானாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒதுக்கீட்டு எல்லைக்குள் பழங்குடி அல்லாதவரின் பெருவிலங்கு வேட்டையை மாநில விதியே பட்டா நிலத்திலும் பெரும்பாலும் தடுத்திருக்கிறது.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: கூட்டாட்சிச் சட்டம் அத்தகையோர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்கிறது, ஆனால் அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பவருக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்குவதற்கு முன்பே லைசென்ஸ் உங்கள் பெயரில், காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

படி 3: டேக்கிலுள்ள சொற்களைப் படித்தல்

இங்கே மியூல் மான், வெள்ளைவால் மான் என இரு இனங்களும் உண்டு. சில டேக்குகள் வெள்ளைவாலுக்கு மட்டுமே செல்லும். ஓடும்போது அகன்ற வாலைத் தூக்கி அடியிலுள்ள வெண்மையைக் காட்டுவது வெள்ளைவால். மியூல் மானின் வால் கயிறு போல மெலிந்து நுனி கறுத்திருக்கும், காதுகள் பெரியவை, மிரண்டால் நான்கு காலும் ஒன்றாக எழும்பத் துள்ளிப் போகும். கொம்பில்லாத மானுக்கு மட்டும் செல்லும் டேக்கும் உண்டு என்பதால், தலையை முழுவதும் பார்க்காமல் விசையைத் தொடாதீர்கள்.

படி 4: களத்தில்

இடுப்புக்கு மேல் ஒளிரும் ஆரஞ்சு உடை கட்டாயம். சுடுவதற்கு முன் நீங்கள் நிற்கும் இடத்தை மட்டுமல்ல, மான் நிற்கும் இடத்தையும், அடிபட்டால் அது ஓடக்கூடிய திசையையும் வரைபடத்தில் பாருங்கள். புதியவர்கள் அதிகம் சிக்குவது இந்த மூன்றாவதில்தான். அனுமதியின்றிப் பழங்குடி நிலத்துக்குள் தெரிந்தே வேட்டைக்காக நுழைவதை மட்டுமல்ல, அங்கிருந்து வேட்டை விலங்கை எடுத்து வருவதற்காக நுழைவதையும் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 1165-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அபராதம், 90 நாள் வரை சிறை, விலங்கு பறிமுதல் ஆகியவை அதற்கான தண்டனைகள். ஆகவே பள்ளி நிலத்தில் சுட்ட மான் டிரஸ்ட் நிலத்தில் போய் விழுந்தால், எல்லையிலேயே நின்று பழங்குடி வனவிலங்கு அலுவலகத்தை அழையுங்கள். பட்டா நிலத்தில் விழுந்தால் உரிமையாளரை அழையுங்கள். இரு எண்களும் முன்பே கைபேசியில் இருக்கட்டும். எல்லையோரம் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் சுடாமல் விடுவது இன்னும் நல்லது.

மான் விழுந்ததும், அதை அங்கிருந்து நகர்த்தும் முன் டேக்கில் தேதியைக் குறித்து உடலில் இறுகக் கட்டுங்கள். கூடவே, செயலியில் அந்த இடத்தின் ஆயத்தொலைவு தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; சட்டம் இதைக் கேட்கவில்லை, ஆனால் கலப்பு நிலத்தில் உங்கள் தரப்பைச் சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது.

படி 5: எடுத்துச் செல்லுதல்

பழங்குடிச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை எடுத்துச் செல்வது, 1900-இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட லேசி சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டத்தின்படி தனிக் குற்றம். பழங்குடி நீதிமன்றம் பழங்குடி அல்லாதவர்மீது குற்ற விசாரணை நடத்த முடியாது என்ற 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கேள்விப்பட்டுச் சிலர் துணிச்சல் கொள்வதுண்டு. அது அரைகுறை அறிவு. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். ஒதுக்கீட்டு நிலத்தினூடே செல்லும் பொதுச் சாலையில் சந்தேகத்துக்குரியவரைப் பழங்குடி அதிகாரி தற்காலிகமாக நிறுத்திச் சோதிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியிருக்கிறது. அப்படி நிறுத்தப்பட்டால் வண்டியை அணைத்து, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லி, லைசென்ஸையும் டேக் கட்டிய மானையும் இடத்தைக் காட்டும் படத்தையும் அந்த வரிசையில் காட்டுங்கள்.