சுமை தாங்கும் சுவரில் திறப்பை அகலப்படுத்த இரும்பு உத்தரம் தேர்ந்தெடுத்தல்

சுமை தாங்கும் சுவரில் உள்ள வாசலை அகலப்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் திறப்பின் அகலத்தை மட்டும் சொல்லி உத்தரம் கேட்கிறார்கள். அது போதாது. உத்தரத்தின் மீது எவ்வளவு சுமை இறங்குகிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

சுவரின் இருபுறமும் 4 மீட்டர் அகல அறைகள் இருந்து, மேலே உள்ள கான்கிரீட் தளம் இந்தச் சுவரின் மீது அமர்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் பாதியாக மொத்தம் 4 மீட்டர் அகலத் தளத்தின் சுமை இங்கே வருகிறது. தளத்தின் எடை, தரைப்பூச்சு, புழங்கும் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை) என்று கொண்டால் மீட்டருக்கு 24 ஆகும். உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையில் எஞ்சும் சுவரையும் உத்தரத்தின் சொந்த எடையையும் சேர்த்து இதை 30 என்று வைத்துக்கொள்வோம். மேலே இன்னொரு மாடியோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அவற்றையும் விடாமல் சேர்க்க வேண்டும்.

உத்தரத்தின் முனைகள் அமரும் தாங்கல்களின் மையத்திலிருந்து மையத்துக்கு 3 மீட்டர் இடைவெளி என்றால், சுமையை நீளத்தின் இருபடியால் பெருக்கி 8-ஆல் வகுக்க, வளைவுத் திருப்புத்திறன், அதாவது உத்தரத்தை வளைக்க முயலும் விளைவு, சுமார் 34 கிலோநியூட்டன் மீட்டர் எனக் கிடைக்கும். அனுமதிக்கத்தக்க தகைவு (இரும்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பாதுகாப்பாகத் தாங்கும் விசை) சதுர மில்லிமீட்டருக்கு 165 நியூட்டன் எனில், வெட்டுமுகக் குணகம் (வளைவைத் தாங்கும் வலிமையைக் காட்டும், வெட்டுமுக வடிவத்தைப் பொறுத்த எண்) 205 கன சென்டிமீட்டருக்குக் குறையாத உத்தரம் தேவை. ஆனால் வலிமை போதுமானதாக இருப்பதோடு தேர்வு முடிந்துவிடாது. தொய்வு, அதாவது உத்தரம் நடுவில் கீழே இறங்கும் அளவு, கூடினால் மேலே உள்ள பூச்சில் விரிசல் விடும். நீளத்தில் 360-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 8 மில்லிமீட்டர், என்ற வரம்புக்குள் தொய்வை நிறுத்த, நிலைமத் திருப்புத்திறன் (தொய்வை எதிர்க்கும் விறைப்பைக் காட்டும், வெட்டுமுக வடிவத்தைப் பொறுத்த எண்) 1900 செ.மீ.⁴ அளவுக்காவது இருக்க வேண்டும். இதே சுமையில் இடைவெளியை 4 மீட்டராக்கினால் இத்தேவை 4500 ஆகிவிடுகிறது. திறப்பை 'இன்னும் கொஞ்சம்' அகலமாக்கச் சொல்பவர்கள் இந்த ஏற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அதிகம் புறக்கணிக்கப்படுவது உத்தரத்தின் முனைகள்தான் என்பது என் கருத்து. மேற்சொன்ன உத்தரத்தின் ஒவ்வொரு முனையிலும் 45 கிலோநியூட்டன் இறங்குகிறது. அது 150-க்கு 100 மில்லிமீட்டர் பரப்பில் நேரடியாகச் செங்கலின் மீது அமர்ந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். சாதாரணச் செங்கற்கட்டுமானம் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. 450-க்கு 230 மில்லிமீட்டர் கான்கிரீட் திண்டு ஒன்றைக் கீழே வைத்தால், திண்டுக்கு அடியில் அழுத்தம் 0.43 ஆகக் குறைகிறது. திண்டைத் தாங்கும் பக்கச் சுவரும் அதன் அடித்தளமும் இந்தக் கூடுதல் சுமைக்குப் போதுமானவையா என்று பார்க்காமல் உத்தரத்தை வாங்கக் கூடாது.

சுவர் 230 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒற்றை உத்தரத்தின் விளிம்புக்கு வெளியே செங்கல் தொங்கும். இரண்டு ஐ வடிவ உத்தரங்களை அருகருகே வைத்து இடைத்துண்டுகளும் போல்ட்டும் கொண்டு பிணைப்பது பொருத்தமாக இருக்கும். இரும்பு 550 பாகை செல்சியஸ் அளவில் தன் வலிமையில் கணிசமான பகுதியை இழப்பதால், தீத்தடுப்புப் பலகை அல்லது பூச்சு இல்லாமல் அதைத் திறந்து விடுவது பாதுகாப்பற்றது.

இந்தக் கணக்கு, கட்டமைப்புப் பொறியாளரிடம் தெளிவாகப் பேச உதவும். அவருடைய சரிபார்ப்புக்கு மாற்றாகாது. அவர், வேலையின்போது மேல்தளத்தைத் தற்காலிகமாகத் தாங்கும் முட்டுக்கால்களின் அமைப்பையும் வரைபடத்தில் குறித்துத் தந்த பிறகே முதல் செங்கல்லில் கை வைக்க வேண்டும்.