ஏசி வாங்கறதுக்கு முன்னாடி மொட்டைமாடிக்கு சுண்ணாம்பு அடிங்க

சித்திரை வந்துட்டா தருமபுரில கான்கிரீட் வீட்டுல மேல்மாடில படுக்கவே முடியாது, ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனலத்தான் இறக்கும், ஏன்னா பகல்பூரா வாங்கின வெயில தளம் ராத்திரிலதான் உள்ள விடும். உடனே ஏசிக்கு இஎம்ஐ விசாரிக்காதீங்க, மொதல்ல மாடிய கவனிங்க, சுண்ணாம்பு அடிச்ச வெள்ளைத் தளம் நிறைய வெயில திருப்பி அனுப்பிடும். ஓசூர்க்காரங்க, உங்க ஊரு குளுகுளுன்னு இருக்கும், நீங்க சிரிங்க பரவால்ல.

1. மாடிய கூட்டி, பாசி சுரண்டி கழுவுங்க. விரிசல் இருந்தா அடைச்சிடுங்க, சுண்ணாம்பு அடிச்சா ஒழுகல் நிக்காது.

2. கல் சுண்ணாம்ப முந்தின நாளே ஊறப் போடணும். இரும்பு டிரம் எடுத்துக்கோங்க, தளதளன்னு கொதிச்சு பொங்கும், பிளாஸ்டிக் பக்கெட்டா இருந்தா இளகிடும். தண்ணிய மொதல்ல ஊத்திட்டு கல்ல கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, மாத்தி செய்யாதீங்க. கண்ணாடி, கையுறை கண்டிப்பா வேணும், பசங்கள கீழ அனுப்பிடுங்க. கண்ணுல பட்டா நிறைய தண்ணி விட்டு கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

3. மறுநாள் சலிச்சு, கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் ஃபெவிகாலும் சேத்து மோர் பதத்துக்கு கரைங்க. தளத்த நனைச்சுட்டு காலைல வெயில் ஏறறதுக்குள்ள ஒரு கோட்டு, காஞ்சதும் குறுக்கால இன்னொண்ணு. ஒரே கோட்டுல கெட்டியா அப்பினா உரிஞ்சு வந்துடும். மழைல கரையத்தான் செய்யும், வருஷா வருஷம் மாசி பங்குனில திரும்ப அடிக்கணும், இதுல இருக்கற ஒரே தொல்லை அதான்.

4. ஃபேன். பழசு 75 வாட்ஸ், கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட்ஸ் கிட்ட வரும். தினம் 14 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கு 63 யூனிட் போற இடத்துல 25 தான் போகும். 500 யூனிட்ட ஒட்டி நிக்கற வீடுன்னா சொல்லவே வேணாம், தாண்டினா யூனிட் ரேட்டு ஸ்லாபே மாறிடும்ல.

5. காத்து. சமையக்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துலயே ஜன்னல தொறந்து வெச்சா அந்த ஜன்னல் காத்தையே இழுத்து வெளிய தள்ளும், தாளிப்பு புகை அப்படியே நிக்கும். எதிர்ப்பக்க கதவ தொறங்க. அடுப்புகிட்ட ஊதுபத்தி புடிச்சு பாருங்க, புகை நேரா ஃபேனுக்கு போகணும். பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தா மாத்திடுங்க, கேஸ் சரியா எரியலன்னா வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள கொன்னுடும். பர்கூர் பக்கம் கிரானைட் லாரி ஓடற ரோட்டோர வீடுன்னா பகல்ல ரோட்டுப்பக்க ஜன்னல சாத்தி வைங்க, கூட்டறத விட ஈரத்துணி போட்டு தொடைங்க, விளக்குமாறு தூசிய கெளப்பி மறுபடி மூக்குக்கே அனுப்பும்.