கூரை திறந்த காருக்கு ஜாக்கெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிருக்கு ஜாக்கெட் வாங்கப் போனால் பெரும்பாலானவர்கள் முதலில் அதன் தடிமனைத்தான் பார்க்கிறார்கள். தெருவில் நடப்பதற்கு அது சரி. கூரையைத் திறந்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவருக்கு அது போதாது, பல சமயம் தொல்லையாகவும் முடியும். ஏனென்றால் அந்தக் காரில் குளிரைக் கொண்டுவருவது காற்று. உடம்பை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருக்கும். வீசும் காற்று அதை விடாமல் வாரிக்கொண்டு போகிறது. வட அமெரிக்காவில் 2001 முதல் பயன்பாட்டில் உள்ள காற்றுக்குளிர் கணக்கின்படி, வெளியே 5 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று நேராகப் பட்டால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி போலத் தெரியும். முன்கண்ணாடி இருப்பதால் அந்த முழு வேகமும் நம் மேல் படாதுதான். ஆனால் ஜாக்கெட்டின் மேல்துணி காற்றை உள்ளே விடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். தடியான கம்பளிப் பின்னலும் ஃப்ளீஸ் என்ற பஞ்சு போன்ற செயற்கைத் துணியும் தொட்டால் கதகதப்பாக இருக்கும், ஆனால் காற்று அவற்றுக்குள் தாராளமாகப் புகும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்துணியும் உள்ளே ஒரு மெரினோ கம்பளி பனியனும் இருந்தால் அவற்றைவிட நன்றாகக் குளிர் தாங்கும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. எதிர்க்காற்றை முன்கண்ணாடி மேலே தள்ளிவிடுகிறது. அது தலைக்கு மேல் தாண்டிப் போய், இருக்கைகளுக்குப் பின்னால் சுழன்று, பின்பக்கமாக உள்ளே திரும்பி வருகிறது. பிடரியிலும் தோளிலும் வந்து அடிப்பது இந்தத் திரும்பிய காற்றுதான். இருக்கைகளுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வலை மாட்டுவது இதற்காகத்தான். மெர்சிடிஸ் பென்ஸ் 2004-இல் தன் எஸ்எல்கே காரில், கழுத்தருகே வெதுவெதுப்பான காற்று வரும் துவாரங்களை இருக்கையிலேயே வைத்து ஏர்ஸ்கார்ஃப் என்று பெயரிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே ஜாக்கெட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது காலர். அது நிமிர்ந்து நின்று, பிடரியை மூடி, தாடை வரை ஜிப் ஏற வேண்டும். கோட்டு மாதிரி மடிந்த அகலக் காலர் பார்க்க அழகு, ஆனால் வேகத்தில் படபடவென்று கன்னத்தில் அடிக்கும். ஜாக்கெட்டின் பின்னால் தொங்கும் தலைமூடி (ஹூட்) அதைவிட மோசம். காற்று அதைப் பை மாதிரி ஊதிப் பின்னுக்கு இழுக்கும், திரும்பிப் பார்க்கும்போது கண்ணையும் மறைக்கும். கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்பலான இறகு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அதன் மேல் சீட் பெல்ட் மாட்டினால், பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். உண்மையில் அது பிடித்திருப்பது ஜாக்கெட்டைத்தான். மோதலில் அந்த உப்பல் நொடியில் நசுங்கும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே தளர்வு உண்டாகி, பெல்ட் தாங்கிப் பிடிப்பதற்குள் உடம்பு முன்னே போய்விடும். பெல்ட்டின் மேல்பகுதி தோள் எலும்பின் மேலும் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பின் மேலும் படிந்திருக்க வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. நீளமான கோட்டு இடுப்பில் சுருண்டு கிடந்தால் இது நடக்காது. கதகதப்பு என்று பார்த்தாலும் உப்பலால் இங்கே பெரிய லாபம் இல்லை. இறகுக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. முதுகு இருக்கையில் அழுந்தும் இடத்திலும் பெல்ட் அழுத்தும் இடத்திலும் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. இறகு நனைந்தால் அதுவும் போச்சு.

இருக்கையில் சூடேற்றும் வசதி இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முதுகுப்பக்கம் தடியாக இருந்தால் அந்தச் சூடு உடம்புக்கு வந்து சேராது. இடுப்பளவில் நிற்கும், முதுகில் மெல்லிய ஜாக்கெட்தான் அங்கே நன்றாக உழைக்கும்.

கடையில் கண்ணாடி முன்னால் நின்றபடி போட்டுப் பார்த்து வாங்குவதும் பலர் செய்வதுதான். நிற்கும்போது சரியாக இருக்கும் ஜாக்கெட், உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தால் வேறு ஆளாகிவிடுகிறது. கை முன்னால் நீளும்போது சட்டைக்கை மேலேறி மணிக்கட்டு தெரியும், அந்த வழியாகக் காற்று முழங்கை வரை போகும். முதுகு இழுக்கும், கீழ்விளிம்பு வயிற்றில் மடியும், காலர் மேலேறித் தாடையை முட்டும். அதனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடிப்பது போலக் கையை நீட்டி, இரண்டு பக்கமும் தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல் பட்டை இருந்தால் நல்லது. 1930-களின் விமானிகளுக்காகச் செய்த தோல் ஜாக்கெட்டுகளில் அந்தப் பட்டை இருந்ததற்குக் காரணம் உண்டு. அடியிலிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் கிடைத்தால் விடாதீர்கள். உட்காரும்போது கீழே கொஞ்சம் திறந்துகொண்டால் வயிற்றில் மடியாது, பெல்ட்டும் இடுப்பில் சரியாக விழும்.

மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. காற்றை அது நன்றாகத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதுகிலும் தோளிலும் இருக்கும் பாதுகாப்புத் தகடுகள் உடம்பை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும் குறுகலான பக்கெட் சீட்டில் உடம்பை முன்னுக்குத் தள்ளும். சில மணி நேரப் பயணத்தில் தோள் வலிக்கும். கேட்டர்ஹாம் செவன் போல கதவில்லாமலும் ஓட்டக்கூடிய, தோளோடு தோள் உரசும் கார்களில் இது இன்னும் சிரமம். அந்த மாதிரி காரில் பக்கவாட்டுக் காற்றும் உண்டு என்பதால், பொத்தான் வைத்த முன்பக்கம் வேண்டாம். ஜிப்பும் அதன் பின்னால் ஒரு துணி மடிப்பும் உள்ளதாகப் பாருங்கள்.

நீளமான துண்டைக் கழுத்தில் சுற்றி முனையைக் காற்றில் பறக்கவிடுவது உயிருக்கே ஆபத்து. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் திறந்த காரில் போனபோது, அவருடைய நீளமான சால்வை சக்கரத்தில் சிக்கியதால்தான் இறந்தார். கழுத்துக்குத் துணி வேண்டுமென்றால் தலைவழியாக மாட்டும் குழாய் வடிவத் துணியை வாங்கி, ஜாக்கெட்டுக்குள்ளேயே செருகிவிடுங்கள்.

மழைக்கும் சேர்த்து முழு நீர்ப்புகா ஜாக்கெட்டாக எடுக்க வேண்டுமா? எனக்கு அது அவசியமாகத் தெரியவில்லை. மழை வந்தால் கூரையை மூடப்போகிறோம். நீர் புகாத துணிகளில் பல வியர்வையையும் எளிதில் வெளியே விடாது. ஈரமான உள்ளாடையோடு காற்றில் உட்கார்ந்தால் குளிர் இரட்டிப்பாகும். கூரையே இல்லாத கார் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

அப்புறம், ஃபோனையும் சாவியையும் ஜாக்கெட்டின் இடுப்புப் பக்கப் பையில் வைக்காதீர்கள். பெல்ட்டுக்கு அடியில் போய்விட்டால் எடுக்கவும் முடியாது, மோதலில் இடுப்பில் குத்தும். காரின் சேமிப்புப் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது.